திமிங்கலச் சுறாவும் உள்ளானும்: கைபேசியை எதற்கு, எப்போது எடுப்பது?

(பாலவாக்கத்தில் மீனவர்கள், குடியிருப்போர், கல்லூரி மாணவர்கள் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலுக்குப் போய்வரும் அண்ணன்மார், மீன் விற்கும் அக்காமார், குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்கள், கல்லூரித் தம்பி தங்கைகள் என எல்லாரும் வந்திருக்கீங்க. உங்க எல்லார் கையிலும் பொதுவா இருக்கிற பொருள் ஒன்று உண்டு. ஸ்மார்ட்போன். மின்கட்டணம் கட்ட, சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல, எல்லாத்துக்கும் அதைத்தான் எடுக்கிறோம். அதே போன், நம்ம ஊரைச் சுற்றி இருக்கும் இரண்டு உயிர்களைக் காப்பாற்றவும் உதவும். ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி உதவாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

ஒன்று, திமிங்கலச் சுறா. உலகத்திலேயே பெரிய மீன். இன்னொன்று, உள்ளான். கைக்குள் அடங்குகிற சேற்றுப் பறவை. உள்ளானில் பல வகை உண்டு. நான் சொல்வது நுனி கீழ்நோக்கி வளைந்த மூக்குள்ள உள்ளான்.

ஏன் பாலவாக்கத்தில் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசணும்? நம்ம ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்க. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டினால் பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கடல் பக்கம் சுறாவின் வழி. சதுப்பு நிலப் பக்கம் உள்ளானின் இருப்பிடம். இரண்டுக்கும் நடுவில் நாம் குடியிருக்கிறோம்.

ஒரே பட்டியல், அடுத்தடுத்த படிகள்

உலகத்தில் எந்த உயிரினம் அழியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சிவப்புப் பட்டியலைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடுகிறது. அதில் ஆபத்தில் இருக்கும் இனங்களுக்கு மூன்று படிகள். முதல் படி, அழிவை நோக்கிப் போகத் தொடங்கியவை. இரண்டாம் படி, அதைவிட மோசம். மூன்றாம் படி, கிட்டத்தட்டக் கடைசிக் கட்டம்.

திமிங்கலச் சுறா 2016-ல் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்குப் போனது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் பகுதிகளில் 75 ஆண்டுகளில் அதன் எண்ணிக்கை 63 சதவீதம் குறைந்திருக்கும் என்பது அப்போது செய்த மதிப்பீடு.

உள்ளான் 2024 அக்டோபர் வரை 'கவனிக்க வேண்டியது' என்ற அளவில்தான் இருந்தது. அந்த மாதம் முதல் படிக்குள் வந்துவிட்டது. அது மட்டும் இல்லை. அன்றைக்கு உலகம் முழுக்க வலசை போகும் கரைப்பறவைகளில் 16 இனங்கள் இன்னும் மோசமான படிக்கு மாற்றப்பட்டன.

இதைச் சுருக்கமாகச் சொன்னால், 2016 வரை சுறா நின்ற படியில்தான் இன்றைக்கு உள்ளான் நிற்கிறது. சுறாவைப் பற்றிச் செய்தி வருகிறது, படம் வருகிறது, சட்டம் வந்திருக்கிறது. உள்ளானைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சுறா ஏன் குறைந்தது?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிடுவோம். திமிங்கலச் சுறா மனுஷனைக் கடிக்காது. மாநகரப் பேருந்து நீளத்துக்கு வளரும், அதைத் தாண்டியும் வளரும். 18 மீட்டர் வரைகூடப் பதிவு இருக்கிறது. வாயில் ஆயிரக்கணக்கில் பற்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுக்குத்தான். வாயைத் திறந்து தண்ணீரை இழுத்து, அதில் இருக்கும் மிதவை உயிர்களையும் சின்ன மீன்களையும் மீன் முட்டைகளையும் வடிகட்டிச் சாப்பிடும். மெதுவாகத்தான் நீந்தும். பேரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன்தான். செவுளில்தான் மூச்சு விடும்.

சென்னைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. 1889-லேயே சென்னைக் கரையில் ஒரு திமிங்கலச் சுறா ஒதுங்கியது பதிவாகியிருக்கிறது. அந்தத் தகவலை எழுதிவைத்தவர் அன்றைய சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். அதாவது நம்ம கடலுக்கு அது புது விருந்தாளி இல்லை.

இவ்வளவு பெரிய மீன் ஏன் குறையுது? காரணம் அதன் வாழ்க்கைக் கணக்கிலேயே இருக்கிறது. அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே சுமார் 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 1995-ல் தைவானில் பிடிபட்ட ஒரு தாய்ச் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். தப்பிப் பிழைப்பதும் தாயாக கால் நூற்றாண்டு காத்திருக்கணும். ஒரு பெரிய சுறா வலையில் செத்தால், அதன் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை ஆகும்.

1990-களில் குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் இதை நூற்றுக்கணக்கில் வேட்டையாடினார்கள். ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை மரப் படகுகளில் தண்ணீர் ஏறாமல் இருக்கப் பூசினார்கள். இறைச்சி வெளிநாட்டுக்குப் போனது. மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் 2000-ல் இதை வெளியே கொண்டுவந்தது. 2001 மே மாதம் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு இந்த மீனுக்கும் வந்தது. இந்தியாவில் அந்தப் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் இதுதான்.

சட்டம் மட்டும் வந்திருந்தால் வேலை நடந்திருக்காது. 2004-ல் அங்கே ஒரு பிரசாரம் தொடங்கியது. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, ஒரு தனியார் நிறுவனம் எல்லாம் சேர்ந்து செய்தார்கள். ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதில் பேசினார். இந்தச் சுறா, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் மாதிரி என்று மக்களிடம் சொன்னார்கள். 'அன்பானவள்' என்ற பொருளில் ஒரு பேரும் வைத்தார்கள். நம்ம வீட்டுப் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்தா என்ன செய்வோம்? அதைத்தான் அந்த மீனவர்களும் செய்தாங்க. வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க அவங்களே தங்கள் வலையை அறுத்தாங்க.

இங்கே ஒரு கேள்வி வரும். "வலை போச்சேப்பா, அதை யார் குடுப்பாங்க?" நியாயமான கேள்வி. ஒரு வலைக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் உழைப்பு என்று உங்களுக்குத்தான் தெரியும். குஜராத்தில் அறுந்த வலைக்கு அரசு நிவாரணம் தந்தது. ஆனால் முதலில் ஒரு சிக்கல் இருந்தது. அதிகாரி வந்து பார்த்தால்தான் சாட்சி. நடுக்கடலில் சுறா தவிக்கும்போது கரையிலிருந்து அதிகாரி வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்? அதுவரை சுறா தாங்குமா? அதனால் மீனவர்களிடமே தண்ணீர் புகாத கேமராக்களைக் கொடுத்தார்கள். விடுவிப்பதை அவர்களே படம் எடுத்தார்கள். அந்தப் படமே சாட்சியாக ஏற்கப்பட்டது. காத்திருக்கும் நேரம் குறைந்தது. சுறா பிழைப்பதும் கூடியது.

கவனிச்சீங்களா? சாதாரண மனுஷன் எடுத்த ஒரு படம் அரசுக் கோப்பில் ஆவணமாகிவிட்டது. அன்றைக்கு அதற்குத் தனிக் கேமரா தேவைப்பட்டது. இன்றைக்கு நம்ம சட்டைப்பையில் அது இருக்கு.

உள்ளான் ஏன் குறையுது?

இப்போ மேற்குப் பக்கம் திரும்புவோம். உள்ளான் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். எடை 60 கிராமுக்கு முன்பின். ஒரு கோழி முட்டையின் எடைதான். குளிர்காலத்தில் மேலே சாம்பல், கீழே வெள்ளை. கால் கறுப்பு. பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளையாகத் தெரியும். ஊருக்குத் திரும்பும் ஏப்ரல் வாக்கில் உடம்பு செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும்.

எது அதன் ஊர்? ரஷ்யாவின் வட கோடி. சைபீரியாவில் ஆர்க்டிக் கடலை ஒட்டிய பனிவெளி. அங்கேதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 7,000 கிலோமீட்டர். ஆகஸ்டிலிருந்து இங்கே வரத் தொடங்கும், ஏப்ரல், மே வரை இருக்கும். முதல் வருஷக் குஞ்சுகள் பல, கோடையிலும் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிடும். வருஷத்தில் பாதிக்கு மேல் நம்ம ஊரில்தான் குடியிருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் வாழ்க்கைக் கணக்கு சுறாவுக்கு நேர் எதிர். இரண்டு மூன்று வயதில் முட்டையிடத் தொடங்கும். ஒரு தடவைக்கு நான்கு முட்டை. அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் தாய் மட்டும்தான். அங்கே லெம்மிங் என்று ஒரு எலி இனம் உண்டு. அது பெருகிய வருஷத்தில் பனி நரிகள் அதைத் தின்று வயிறு நிறையும், உள்ளான் குஞ்சுகள் தப்பிக்கும். லெம்மிங் குறைந்த வருஷத்தில் நரிகள் கூட்டுக்கு வந்துவிடும். அதனால் ஒரு வருஷம் நிறையக் குஞ்சு, அடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை என்று ஏற்ற இறக்கம் இருக்கும்.

இந்த ஏற்ற இறக்கம் புதுசு இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படித்தான். பெரிய பறவைகள் பல வருஷம் உயிரோடு இருந்தால், கெட்ட வருஷத்தின் நஷ்டத்தை நல்ல வருஷம் சரிக்கட்டிவிடும். ஆனால் பெரிய பறவைகள் உயிரோடு இருக்க, வழி நெடுக நின்று தின்ன இடம் வேண்டும். அந்த இடம்தான் குறைந்துகொண்டு வருகிறது.

என்ன இடம் அது? சேறு. சும்மா சேறு. அதன் கால் குட்டைக் கால். ஆழத் தண்ணீரில் நிற்க முடியாது. காய்ந்த தரையில் மூக்கு இறங்காது. கணுக்கால் அளவு தண்ணீர், கீழே மெத்தென்ற சேறு, அதற்குள் புழு, பூச்சி, சின்ன இறால் வகைகள். இது எல்லாம் சேர்ந்த இடம் கொஞ்சம்தான். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்து, தை, மாசியில் மெல்ல வடியும்போது அந்தச் சேறு வெளியே தெரியும். ஊர் திரும்பும் முன் அங்கே தின்று தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்க்கும். அந்தக் கொழுப்புதான் 7,000 கிலோமீட்டருக்கான எரிபொருள்.

வழியில் ஒரு 'பங்க்' மூடினாலும் பயணம் நின்றுவிடும். கிழக்கு ஆசியாவில் அதுதான் நடந்தது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் உள்ள மஞ்சள் கடலின் சேற்றுக் கரைகளை மண் கொட்டி நிரப்பினார்கள். அந்த வழியில் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் உள்ளான்கள் குறைந்தன. 2015-ல் ஆஸ்திரேலியா தன் நாட்டளவில் உள்ளானை மிக மோசமான ஆபத்து நிலையில் வைத்தது. பிறகு 2018-ல் சீனா கடலை நிரப்பும் வேலைகளுக்குக் கடுமையான தடை போட்டது. 2019-ல் அந்தக் கரையின் ஒரு பகுதி உலகப் பாரம்பரிய இடமானது. சென்னைக்கு வரும் பறவைகள் மத்திய ஆசிய வழியில் வருபவை. ஆனால் பாடம் ஒன்றுதான். பறவை மேல் ஒருத்தரும் கல்லெறியவில்லை. இடம் போனது, பறவையும் போனது.

ஒன்றை விடுவிக்கலாம், மற்றொன்றை எங்கிருந்து விடுவிப்பது?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும் என்று சொன்னேன் இல்லையா, அதற்கான காரணம் இதுதான்.

சுறாவுக்கு ஆபத்து ஒரு நொடியில் வருகிறது. வலை, கப்பலின் முன்பகுதி, கரை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் சரியாக நடந்துகொண்டால் அது பிழைக்கும். சட்டம் அதன் உடம்பைக் காக்கிறது. அதைக் கொல்லாதே, பிடிக்காதே, விற்காதே. அது போதுமான உதவிதான்.

உள்ளானுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வலசைப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம்தான். ஆனால் அதன் உடம்பை மட்டும் காத்தால் போதாது. உள்ளானை எந்த வலையிலிருந்து அறுத்து விடுவது? அதைக் கொல்வது ஒரு லாரி கட்டட இடிபாடு. ஒரு வருஷம் ஒரு லாரி, அடுத்த வருஷம் பத்து லாரி. ஒரு நாள் போய்ப் பார்த்தால் சேறு இருந்த இடத்தில் மேடு. அன்றைக்கு செத்துக் கிடக்கும் பறவை ஒன்றும் இருக்காது. படம் எடுக்கக்கூட ஒன்றும் இருக்காது. இந்த வருஷம் 200 வந்தது, அடுத்து 120, அடுத்து 40. எண்ணாதவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

பள்ளிக்கரணையையே எடுத்துக்குங்க. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. 2007-ல் அதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தளமாக உலக அங்கீகாரம் பெற்றது. தமிழ்நாட்டில் 2002-ல் கோடியக்கரையில் தொடங்கிய ராம்சர் தளங்களின் எண்ணிக்கை 2025-ல் 20 ஆனது. நாட்டிலேயே அதிகம் நம்மிடம்தான். பெருமைப்படலாம். ஆனால் எல்லை போட்ட காகிதத்தோடு வேலை முடியாது. எல்லைக்குள் சேறு சேறாக இருக்கணும்.

இதில் நமக்கும் சொந்த லாபம் இருக்கு. தென்சென்னை ஏரிகளின் உபரி மழைநீர் பள்ளிக்கரணைக்குத்தான் வருகிறது. அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாம் மறக்கவில்லை. உள்ளான் நிற்கும் அந்தச் சேறுதான் நம்ம வீட்டுக்குள் வரவேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இடம். உள்ளானுக்கு இடம் இல்லாமல் போனால், தண்ணீருக்கும் இடம் இல்லை என்று அர்த்தம். அப்புறம் அது நம்ம கூடத்துக்குத்தான் வரும்.

சுறாவைக் கண்டால்: முதலில் அழைப்பு, பிறகு படம்

கரையில் ஒரு பெரிய சுறா ஒதுங்கினால் நடப்பது என்ன? பத்து நிமிஷத்தில் இருநூறு பேர். எல்லார் கையிலும் போன். ஒருத்தர் மேலே கால் வைத்து செல்ஃபி. லைவ் வீடியோ. அதைப் பார்த்து இன்னும் முந்நூறு பேர். அதற்குள் செவுள் காய்ந்து மூச்சு முட்டி அது செத்துப்போகும். இங்கே போன்தான் கொலைக்கருவி.

2021 டிசம்பரில் விசாகப்பட்டினம் அருகே தந்தடி கடற்கரையில் வேறு மாதிரி நடந்தது. திமிங்கலச் சுறா ஒன்று கரைக்கு வந்துவிட்டது. தகவல் வனத்துறைக்குப் போனது. வனத்துறையினரும் மீனவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து அதை உயிரோடு கடலுக்குள் திருப்பி அனுப்பினார்கள். எடுத்த படங்கள் மாலத்தீவில் திமிங்கலச் சுறாக்களை ஆராயும் குழுவுக்கு அனுப்பப்பட்டன.

படம் எதுக்கு மாலத்தீவுக்கு? திமிங்கலச் சுறாவின் உடம்பில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் நம்ம கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் வைத்திருந்த கணக்கு முறையை எடுத்து, இந்தப் புள்ளிகளை ஒப்பிடும் கணினி முறையை உருவாக்கியிருக்கிறார்கள். இங்கே எடுத்த படமும் வேறொரு நாட்டுக் கடலில் எடுத்த படமும் ஒத்துப்போனால், அது இங்கிருந்து அங்கே போனது தெரிந்துவிடும். இடது பக்கம், செவுள் பிளவுகளுக்குப் பின்னால், பக்கத் துடுப்புக்கு மேலே உள்ள பகுதி. அது தெளிவாக விழுந்த ஒரே ஒரு படம் போதும்.

அதனால் வரிசை முக்கியம்.

முதலில் அழையுங்கள். கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலக எண்ணைத் துறையின் இணையதளத்தில் பார்த்து இன்றைக்கே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அது கிடைக்காவிட்டால் 112. கடலில் இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை 'லொகேஷன்' ஆக அனுப்புங்கள். "பாலவாக்கம் பீச்" என்று மட்டும் சொன்னால் தேடவே அரைமணி போய்விடும்.

இரண்டாவது, கூட்டத்தை விலக்குங்கள். செவுளில் மண் போகாமல், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாலில் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். கடலில் வலையில் சிக்கியிருந்தால் படகுக்கு மேலே ஏற்றப் பார்க்காமல், தண்ணீரில் வைத்தே வலையை அறுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் படம். அதுவும் தூரத்திலிருந்து, பிளாஷ் இல்லாமல். வலையை அறுப்பதையும் சுறா நீந்திப் போவதையும் ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். உங்கள் நஷ்டத்தைப் பற்றி மீன்வளத் துறையிடமோ வனத்துறையிடமோ பேசும்போது வாய்வார்த்தையைவிட அது பலமாக நிற்கும். பாக் நீரிணையில் வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு நம்ம வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டியிருக்கிறது.

செத்து ஒதுங்கியிருந்தாலும் அழையுங்கள், வெட்டாதீர்கள். சுறாப்புட்டு நம்ம சாப்பாட்டில் உண்டு, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால்சுறா கொடுப்பதும் உண்டு. அது வேறு. திமிங்கலச் சுறாவின் இறைச்சியை எடுப்பதும் விற்பதும் முதல் அட்டவணைக் குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சட்டத்தில் 'வேட்டை' என்பது கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பதும், பொறி வைப்பதும், துரத்துவதும், அதற்கு முயல்வதும் வேட்டைதான்.

உள்ளானுக்கு: அவசரம் வேண்டாம், கணக்கு வேண்டும்

உள்ளானுக்கு 112-ஐ அழைத்துப் பயன் இல்லை. அதற்குத் தேவை ஒருத்தரின் 15 நிமிஷம். ஆனால் அந்த 15 நிமிஷம் திரும்பத் திரும்ப வேண்டும்.

ஈபேர்ட் என்று ஒரு செயலி இருக்கிறது. இலவசம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில், முட்டுக்காட்டில், அடையாறு முகத்துவாரத்தில், எங்கேயாவது ஒரே இடத்தில் 15 நிமிஷம் நில்லுங்கள். பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவிடுங்கள். எந்த உள்ளான் என்று அடையாளம் தெரியவில்லையா? தெரியாததைத் தெரிந்ததாகப் போட வேண்டாம். 'உள்ளான் வகை' என்று எண்ணிக்கையோடு போட்டாலும் பயன்தான். அனுபவம் உள்ள தன்னார்வலர்கள் சந்தேகமான பதிவுகளைச் சரிபார்ப்பார்கள். 2015 முதல் ஒவ்வொரு தையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம்.

முக்கியமான ஒன்று. போன தடவை இருந்த இடத்தில் இந்தத் தடவை ஒன்றுமே இல்லை என்றால், அதையும் பதிவிடுங்கள். "எதுவும் இல்லையே, எதற்குப் போடணும்?" என்று விட்டுவிடுவோம். உள்ளான் விஷயத்தில் 'இல்லை' என்பதுதான் பெரிய செய்தி. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி எண்ணி வந்ததால்தான் அங்கே கரைப்பறவைகள் குறைந்ததே தெரிந்தது. அப்படி ஒரு தொடர் கணக்கு ஒவ்வொரு சேற்று நிலத்துக்கும் வேண்டும். காலில் வளையமோ கொடியோ உள்ள பறவையைக் கண்டால் அதன் எண், நிறம் தெரிகிற மாதிரி படம் எடுத்து அதே கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

பறவைக்கு அருகே போக வேண்டாம். ட்ரோன் பறக்கவிட வேண்டாம். நாயை அவிழ்த்துவிட வேண்டாம். ஒவ்வொரு தடவை பயந்து எழும்போதும், சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் எரிந்துபோகும். நல்ல படம் ஒன்றுக்காகப் பத்துத் தடவை பறக்கவிட்டால், நாம் எடுப்பது அதன் பயணச் செலவிலிருந்து.

இடிபாடு கொட்டும் லாரியைக் கண்டால், அதுவும் கணக்கில் சேரும். தூரத்திலிருந்து படம், நேரம், இடம். மாநகராட்சியின் 1913 எண், 'நம்ம சென்னை' செயலி, முதல்வரின் முகவரி 1100, இந்த மூன்றில் ஒன்றில் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தை அதே கோணத்தில் இன்னொரு படம் எடுங்கள். மாறியிருந்தால் நன்றி சொல்லுங்கள். மாறாவிட்டால் பழைய புகார் எண்ணோடு மறுபடி கேளுங்கள். யாரோடும் சண்டை போட வேண்டாம், லாரிக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். தேதியோடு இருக்கும் இரண்டு படங்கள் போதும். போன் கேமராவின் செட்டிங்ஸில் இடத்தைப் பதியும் வசதியை இயக்கி வைத்தால், எடுத்த இடமும் படத்தோடு சேர்ந்துவிடும்.

இரண்டுக்கும் நாம் தரக்கூடியது

குஜராத்தில் சுறாவை மகளாக நினைக்க மக்களுக்கு ஒரு கதை கிடைத்தது. உள்ளானுக்கு அப்படி ஒரு கதை இன்னும் வரவில்லை. அழகான நிறம் இல்லை, பெரிய உருவம் இல்லை, செய்தியில் வராது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். கதை வராத உயிர்களுக்குக் கணக்குதான் சாட்சி. அந்தக் கணக்கை எழுத அதிகாரியும் விஞ்ஞானியும் மட்டும் போதாது. தினமும் அந்த வழியாகப் போகிறவர் வேண்டும். அது நீங்கள்தான்.

இங்கிருந்து போவதற்குள் இரண்டு வேலை செய்துவிடுங்கள். 1093, 1554, 1913 ஆகிய மூன்று எண்களையும் பேர் போட்டுச் சேமியுங்கள். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்கு எந்தச் சேற்றுக் கரையில் நின்று எண்ணப் போகிறோம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களும் அப்படியே.